அருள்நாதன் கண்ணில் விழுந்த ஷேடு

வந்தவாசிப் பக்கத்தில் எங்கள் ஊரின் முதல் பி.ஏ. நான். அதுவும் ஆங்கில இலக்கியம். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. என் அப்பா ஏர் ஓட்டியதெல்லாம் அடுத்தவர் நிலத்தில். அந்த ஏரிலிருந்து ஆங்கில இலக்கியம் வரைக்கும் எவ்வளவு தூரம் என்பது நடந்தவனுக்குத்தான் தெரியும்.

படிப்புக்குக் கிடைத்த வேலை, திருவொற்றியூரில் எண்ணெய்த் தொட்டிகளும் பாய்லர் கூடுகளும் செய்யும் ஒரு பட்டறையில் ஸ்டோர் கிளார்க். சேர்ந்த முதல் வாரம் ஒரு வெல்டர் கவுண்டருக்குள் கையை நீட்டி, "ஒரு ஷேடு குடு நைனா" என்றார். நான் விழித்தேன். அவரே எட்டி, அலமாரியிலிருந்த கறுப்புக் கண்ணாடித் துண்டைக் காட்டினார். சீட்டுக்கட்டு அளவுக்கு நீள்சதுரம், மூலையில் ஓர் எண். வெல்டர்கள் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்ளும் தட்டில் இதைச் செருகிக்கொள்வார்கள். எண் ஏற ஏறக் கறுப்பும் ஏறும். காஸ் வைத்து இரும்பு வெட்டுகிறவனுக்கு ஐந்தாம் நம்பர் போதும். கரண்டு வெல்டிங்குக்குப் பத்து, பதினொன்று வேண்டும். அந்தக் கறுப்பின் அளவுக்குத்தான் ஆங்கிலத்தில் ஷேடு என்று பெயர். எங்கள் பட்டறையில் கண்ணாடிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கேட்டவர் அருள்நாதன். ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய லைன் வீடுகளில் எனக்கு அறை பிடித்துக்கொடுத்தவரும் அவர்தான். என் சுவருக்கு அந்தப் பக்கம் அவரும் அவர் மனைவி ஞானமும் இருந்தார்கள்.

அன்று சாயங்காலமே அகராதியை எடுத்தேன். ஆங்கிலத்தில் முதலாவதாக வந்ததற்குக் கல்லூரியில் பரிசாகக் கொடுத்தது. ஷேடு, ஷாடோ இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல். நாம் மரம் என்பதை மரத்தை, மரத்தில் என்று மாற்றுவதுபோல அவர்களும் ஒரு காலத்தில் சொல்லின் வாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கம் ஒழிந்தபோது ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள் இரண்டு சொற்களாக நின்றுவிட்டன. ஷாடோ என்றால் ஆளோடு கூடவே வருகிற கறுத்த உருவம். ஷேடு என்றால் வெயில் படாத இடம். அதற்குப் பிறகு ஷேடு தனியாகப் புறப்பட்டுப் போனது. விளக்குக்குக் கவிழ்க்கிற கூடாயிற்று. ஜன்னல் திரையாயிற்று. ஒரே நிறத்துக்குள் ஏறி இறங்குகிற சாயலாயிற்று. ஒரு சொட்டு, ஒரு இம்மி என்கிற பொருளும் வந்து சேர்ந்தது. செத்துப்போனவர்களின் ஆவிக்கும் அதே பெயர். கூட்ஸ் ஷெட், லோகோ ஷெட் என்று தினமும் சொல்கிறோமே, அந்த ஷெட்டும் இந்தக் குடும்பம்தான் என்று படித்தவர்கள் கருதுகிறார்கள்.

இதையெல்லாம் வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து அருள்நாதனுக்குச் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒரே வார்த்தைய வெச்சி இத்தினி வேல வாங்குறானா? நம்ம ஃபோர்மேன் மாதிரியே கீறானே வெள்ளைக்காரன்."

உள்ளேயிருந்து ஞானம், "வெளக்குக்கும் செத்தவனுக்கும் ஒரே பேரா? நல்லா வெச்சாங்க பேரு" என்றாள்.

"நீ எறாவுக்கும் எனக்கும் ஒரே திட்டத்தான வெச்சினுகீற," என்றார் அவர்.

ஞானம் அப்போது எறா என்கிற இறாலை உரிக்கும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஐஸில் கிடந்த எறாவை உரித்து உரித்து அவள் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் குழந்தை இல்லை. வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்வந்தார்கள். லைனில் யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அந்த லைனில் ஒரு வழக்கம் இருந்தது. அது வாரத்துக்கு ஒரு தடவையாவது அவளை அடுத்தவள் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

அதைச் சொல்ல வேண்டுமானால் வெல்டர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும்.

மத்தியானம் ஆனால் எண்ணூர் வரைக்கும் உள்ள கம்பெனிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கரண்டை இழுக்கும். வோல்டேஜ் இறங்கிவிடும். வெல்டிங் ராடின் நுனியில் தீ மங்கி எரியும். பத்தாம் நம்பர் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இரண்டு தகடும் சேருகிற கோடு தெரியாது. கோட்டை விட்டு விலகிப் பற்றவைத்தால் இன்ஸ்பெக்டர் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுப் போவார். அந்த இடத்தை வெட்டியெடுத்துத் தன் நேரத்தில் மறுபடி பற்றவைக்க வேண்டும். அதனால் மத்தியானத்துக்கு மேல் வெல்டர்கள் பத்தைக் கழற்றிவிட்டு ஐந்தைச் செருகிக்கொள்வார்கள். தகடு பளிச்சென்று தெரியும். ஃபோர்மேனுக்கும் தெரியும், அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் போவார். எல்லோரையும்விடக் கோடு நேராக வரவேண்டும் என்று பிடிவாதம் உள்ளவர் அருள்நாதன். எல்லோருக்கும் முன்னால் ஐந்தை மாட்டுகிறவரும் அவர்தான்.

"கண்ணு போயிடாதா அண்ணே?" என்று கேட்டேன்.

"எரியும். மண்ண அள்ளிப் போட்டாப்ல எரியும். காலைல பால வுட்டா தெளிஞ்சிரும். இது இன்னா புதுசா?"

பால் என்றால் தாய்ப்பால். லைனில் வெல்டர் வீடுகள் பல. யாருக்குக் கண் எரிந்தாலும், கைக்குழந்தை இருக்கிற வீட்டு வாசற்படியில் அவன் வீட்டுப் பெண் பாலாடையை வைத்துவிட்டு வரவேண்டும். குழந்தைகளுக்கு மருந்து புகட்டுகிற அந்தச் சின்னச் சங்கு போன்ற கிண்ணம்தான். வாய் திறந்து கேட்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் பாலாடை நிரம்பித் திரும்பி வரும். கொடுக்கிறவளும் எதுவும் பேச மாட்டாள். கிறிஸ்தவர் வீடு, துலுக்கர் வீடு என்ற பேச்சே அதில் கிடையாது. பத்து வருஷமாக ஞானம் அப்படிப் பாலாடையைத் தூக்கிக்கொண்டு போனாள். எதிர்வீட்டு ரசூல் பீவியின் மூன்று பிள்ளைகளுக்கும் பங்கான பால் அருள்நாதனின் கண்ணுக்குள் போயிருக்கிறது. ரசூல் பீவி நல்ல மனுஷி. ஆனாலும் பிள்ளையில்லாதவள் பாலுக்காக இன்னொருத்தி படியில் நிற்பது எப்படி இருக்கும் என்று ஞானம் யாரிடமும் சொன்னதில்லை. பாலாடையை வைத்ததும் விறுவிறுவென்று திரும்பி வந்துவிடுவாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் அவள் மாசமானாள். அருள்நாதன் லைன் முழுக்கச் சேமியா பாயசம் கொடுத்தார். அதே மாதத்தில்தான் ஸ்டோருக்கு வந்து, "நைனா, இந்தக் கண்ணாடி சரியில்ல. நடுவுல ஒரு கறை கீது" என்றார்.

நான் வேறு கொடுத்தேன். மத்தியானமே திரும்பி வந்தார். "இதுலயும் கீது."

புதுப் பெட்டியைப் பிரித்து ஒன்று எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அவர் அதை வாங்கிக் கண்ணுக்கு எதிரே பிடித்தார். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மேலே கீழே பார்த்தார். மறுபடி என் முகத்துக்கு வந்தார்.

"கறை ஒன் மூஞ்சிலயும் கீதுடா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண்ணாடியை அவர் கவுண்டரில் வைத்தபோது விளிம்பு தெரியாமல் கீழே போட்டு உடைத்தார்.

பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஞானத்திடம் சம்பள விஷயமாக ஆபீஸுக்கு என்று சொல்லியிருந்தோம். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். கண்ணுக்குள் பின்பக்கம் பார்வை வந்து குவிகிற புள்ளி வெந்துபோயிருக்கிறது. எரிச்சல் மேல்தோலில் வருவது, அது ஆறும். இது அதுவல்ல. ஓரத்துப் பார்வை இருக்கும், நடுப் பார்வை திரும்பாது. இதைத் தமிழில் அருள்நாதனிடம் சொன்னவன் நான். என் படிப்பு அன்றைக்கு அந்த வேலைக்குத்தான் ஆயிற்று.

பஸ் மூலக்கொத்தளத்தைத் தாண்டியது. அப்புறம், "ஓரம் கீது இல்ல? ஓரத்துலயே பாத்துக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்கு இன்னா பேரு? இதுவும் ஒன் ஷேடுதானா?" என்று கேட்டார்.

"அப்படியும் சொல்லலாம் அண்ணே."

"அப்ப ஷேடு வுழுந்துகீதுன்னு வெச்சிக்க. ஞானத்துகிட்ட மூச்சு வுடாத. வயித்துப்புள்ளக்காரி. கம்பெனிலயும் சொல்லாத. புள்ள மூஞ்சிய நான் ஒரு தபா பாத்துட்டா போதும். அதுக்குள்ள இது கொஞ்சம் வெலகாதா?"

அவருடைய ஆசை அவ்வளவுதான். பிள்ளையின் முகத்தை நேராக ஒரு தடவை பார்ப்பது.

கறை விலகவில்லை. ரோசி பிறந்தபோது அது இன்னும் அகலமாகியிருந்தது. எதை நேராகப் பார்க்கிறாரோ அதுதான் மறையும். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கடைக்கண்ணில் பிடித்தால் கொஞ்சம் தெரியும். அதுவும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் கலங்கலாக. ரோசியின் காது தெரிந்தது, மூடிய கை தெரிந்தது. முகம் மட்டும் பிடிபடவில்லை. ஆளில்லாத நேரம் பார்த்து என்னிடம் கேட்பார்.

"மூக்கு யாருது?"

"அண்ணியோடது."

"தப்பிச்சிச்சி. கண்ணு?"

"கண் உங்களுது. கறுப்பா, கொஞ்சம் அகலமா. புருவம் இப்பத்தான் கோடு மாதிரி வருது."

"கோடு நேரா கீதா?"

"இன்ஸ்பெக்டர் பார்த்தாலும் வட்டம் போட மாட்டார்."

அவர் சத்தமாகச் சிரித்தார். குழந்தை திடுக்கிட்டது. அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பினார். பார்ப்பதற்காகத்தான் திருப்பினார்.

ஞானத்துக்கு அது அப்படித் தெரியவில்லை. குழந்தையைப் புருஷன் கையில் கொடுக்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்புவதைத்தான் அவள் பார்த்தாள். ரோசி நல்ல கறுப்பு. பெண் குழந்தை வேறு. பத்து வருஷம் தவமிருந்து பெற்றதை இந்த மனுஷன் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் குழாயடியில் எல்லோர் முன்னாலும் வெடித்தாள்.

"யோவ், புள்ள கருப்பா பொறந்துச்சின்னுதான மூஞ்சிய திருப்பிக்கினு போற? நீ இன்னா செவப்பா? உங்கப்பன் செவப்பா? கண்ணாடில பாத்துகீறியா ஒன் மூஞ்சிய?"

அருள்நாதன் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே போய், "சொல்லிடுங்க அண்ணே. பாவம் அவங்க" என்றேன்.

"சொன்னா பயந்துருவா. பயந்தா பால் வத்திரும். புள்ள இன்னாத்த குடிக்கும்? திட்னா திட்டட்டும், பாலு ஊறட்டும்."

பட்டறையில் அவர் பாய்லர் வேலையிலிருந்து விலகிக்கொண்டு படிக்கட்டு, பிராக்கெட் என்று முரட்டு வேலைகளைக் கேட்டு வாங்கினார். கை பழக்கத்தில் ஓடியது. ஃபோர்மேன் ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் ஞானத்தின் வாசற்படியில் பாலாடைகள் வர ஆரம்பித்தன. முதல் பாலாடையை எடுத்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நிரப்பித் திரும்ப வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று, யார் வந்து எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கத்தை மீறி ரசூல் பீவியிடம் வாய்விட்டுச் சொன்னாள்: "யக்கா, நம்ம வூட்டுக்கும் வந்துகீது யக்கா."

"வரும்டி. உன்னுது கெட்டிப் பாலு. ஊருக்கே ஊத்தலாம்," என்றாள் ரசூல் பீவி.

கோடையில் லைனுக்குள் வாந்திபேதி புகுந்தது. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டதாகச் சொன்னார்கள். ரோசிக்கு அப்போதுதான் கஞ்சித்தண்ணீர் பழக்கியிருந்தார்கள். காலையில் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுநாள் மத்தியானம் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். தவழ ஆரம்பித்திருந்த பிள்ளை.

காசிமேட்டுக் கல்லறைக்குப் புறப்படுமுன் சின்னப் பெட்டியைக் கூடத்தில் வைத்திருந்தார்கள். ரோசிக்கு ஞானஸ்நானத்து வெள்ளைக் கவுன். வேளாங்கண்ணிக்குப் போகும்போது போடுவதற்கென்று வைத்திருந்தது. பெட்டியை மூடுவதற்கு முன்னால் அப்பன் பார்த்துக்கொள்ளட்டும் என்று வழிவிட்டார்கள். அருள்நாதன் மண்டியிட்டு உட்கார்ந்தார். குனிந்தார். முகம் பெட்டிக்குள் போய்விடும்போலக் குனிந்தார். பிறகு தலையை ஒருபக்கமாகத் திருப்பினார். மறுபக்கம் திருப்பினார். பெண்களுக்கு நடுவில் யாரோ, "இப்பகூட பாக்க மாட்டேன்றான் பாரு" என்று முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது.

ஞானம் எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தாள்.

"இன்னும் இன்னாய்யா கோவம்? இனிமே வரவா போவுது? இப்பவாவது எம் புள்ளைய நேரா பாருய்யா. ஒரே ஒரு தபா நேரா பாரு."

"நேரா பாத்தா தெரியல ஞானம்," என்றார் அவர். "பொறந்ததுலேர்ந்து தெரியல. இப்டி திரும்புனாதான் கொஞ்சமா தெரியுது. அதான் திரும்புறேன்."

சட்டையைப் பிடித்த கை அப்படியே இருந்தது. பெட்டியை மூட வந்தவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அருள்நாதன் இரண்டு கைகளையும் உள்ளே விட்டு நெற்றி, புருவம், மூக்கு, வாய் என்று விரலால் தடவினார். தகடுகள் சேருமிடத்தைத் தடவிப் பார்ப்பதுபோல மெதுவாக. பிறகு, "மூடுங்க" என்றார்.

கல்லறையிலிருந்து திரும்பியபோது ஞானத்தின் ரவிக்கை நனைந்திருந்தது. பிள்ளை போனது பாலுக்குத் தெரியாது. மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது அங்கே எல்லோரும் செய்கிற வைத்தியம். ரசூல் பீவி கொத்தவால் சாவடிக்கு ஆளனுப்பிப் பந்து பந்தாக மல்லிகை வாங்கி வைத்திருந்தாள். ஞானம் அதைத் தொடவில்லை.

"வாணாம் யக்கா."

"பாலு கட்டிக்கிச்சுன்னா ஜொரம் வரும்டி. சொல்றத கேளு."

"அவருக்கு வேணும்," என்றாள்.

அடுத்த நாள் காலை பாலாடையைக் கழுவிக்கொண்டு வந்து அருள்நாதனைக் கட்டிலில் மல்லாத்திப் படுக்கவைத்தாள். பாலைப் பீய்ச்சி இரண்டு கண்ணிலும் விட்டாள். இமையை விரலால் விரித்து, ஒரு சொட்டும் வழியாதபடி விட்டாள். அதற்கடுத்த நாளும் செய்தாள். பிறகு தினமும் அதுதான். லைன் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. நான் சொல்லிப் பார்த்தேன். "அண்ணி, டாக்டர் சொன்னார். இது எரிச்சல் இல்லை, உள்ளே வெந்தது. பாலுக்கு ஆறாது."

"டாக்டருக்கு இன்னா தம்பி தெரியும்? வூடு வூடா வாங்கியாந்து நான் ஊத்தியிருக்கேன். ஒவ்வொரு தபாவும் தெளிஞ்சிதா இல்லியா? அடுத்தவ பாலுக்கே தெளிஞ்சிச்சு. இது சொந்தப் பாலு."

நான் அருள்நாதனைப் பார்த்தேன். அவர் படுத்தபடியே கையை லேசாக அசைத்தார். விடு என்று.

பட்டறையில் விஷயம் தெரிந்துவிட்டது. அவரை வெல்டிங்கிலிருந்து எடுத்துத் தூக்குக்கூலி ஆட்களோடு சேர்த்தார்கள். இரும்பின் முனை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அவர் முழங்காலெல்லாம் காயம். அதையும் விட்டுவிட்டுக் காசிமேட்டில் வலைக்குக் கயிறு முறுக்கிக் கொடுக்கப் போனார். இன்றைக்கும் அந்த வேலைதான் செய்கிறார்.

பால் குறைந்துகொண்டே வந்தது. பிள்ளை வாய் வைக்காத மார்பு எத்தனை நாளைக்குச் சுரக்கும்? ஞானம் பூண்டும் கருவாடும் தின்றாள். முருங்கைக்கீரையைக் கஞ்சியில் போட்டுக் குடித்தாள். எறாக் கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட்டு, ஓய்ந்திருந்தால் பால் ஊறுமோ என்று வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தாள்.

ஒருநாள் காலை நான் வேலைக்குப் புறப்பட்டு அவர்கள் வாசலைத் தாண்டும்போது உள்ளே வெளிச்சம் விழுந்திருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், அவள் எதிரே நின்றிருந்தாள். பாலாடையின் அடியில் ஈரம் மாதிரி ஒரு சொட்டு. அதைச் சுண்டுவிரலால் வழித்து, ஒரு கண்ணுக்குப் பாதி, மறு கண்ணுக்குப் பாதி என்று தடவினாள். பாலாடையைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவ்ளோதான்யா. நின்னுபோச்சு," என்றாள். பிறகு, "தெரியுதா?"

"தெரியுது ஞானம்."

"நெசமா?"

"நெசமாத்தான். நல்லா தெளிஞ்சிகீது. ஒன் மூஞ்சி, மூக்கு எல்லாம் தெரியுது."

சொல்லும்போது அவர் அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. கல்யாணத்தன்று எடுத்த போட்டோவில் பார்ப்பதுபோல நிமிர்ந்து, நேராக.

ஞானம் வெகுநேரம் அந்தக் கண்களைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவருடைய மோவாயைக் கையில் பிடித்து, முகத்தை மெதுவாக ஒருபக்கமாகத் திருப்பினாள்.

"இப்டி பாருய்யா," என்றாள்.